இறப்பர் வியாபாரத்தில் கண்ணுக்குத் தெரியாத தரம்

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர் வாங்கி விற்கும் எமது வியாபாரிகளுக்கு ஷீட்டின் தரத்தைச் சொல்லப் பெரிய கருவிகள் தேவைப்படுவதில்லை. வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்ப்பார்கள். குமிழ் இருக்கின்றதா, பூஞ்சணம் பிடித்திருக்கின்றதா, புகை சீராக ஏறியிருக்கின்றதா என்று பார்த்து, இது ஆர்.எஸ்.எஸ். 1, இது 3 என்று பிரித்து வைத்துவிடுவார்கள். மாவனல்லையிலும் ருவன்வெல்லையிலும் எஹலியகொடையிலும் தகப்பனிடமிருந்து மகன் கற்றுக்கொண்ட கைப்பழக்கம் இது.

ஆனால் டயர் செய்யும் தொழிற்சாலை கேட்கும் கேள்வி வேறு. "இதன் மூனி எண் எத்தனை?" என்று அங்கே கேட்கின்றார்கள். இந்தக் கேள்விக்குக் கண் பதில் சொல்லாது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு ஷீட்டுகளில் ஒன்று இயந்திரத்தில் இலகுவாக இளகும். மற்றையது முரண்டு பிடிக்கும். இதன் காரணத்தை அறிந்துகொள்வது எமது வியாபாரிகளுக்குப் பயன் தரும்.

சங்கிலியின் நீளம்

இறப்பர் ஒரு பல்பகுதியம், அதாவது பொலிமர். ஐசோப்பிரீன் என்ற சிறிய மூலக்கூறுகள் வளையத்தோடு வளையமாகக் கோக்கப்பட்ட சங்கிலி அது. ஒரு வளையத்தின் மூலக்கூற்றுத் திணிவு 68. சங்கிலியின் திணிவு 10 இலட்சம் என்றால், அதில் ஏறத்தாழ 15,000 வளையங்கள் உள்ளன என்று கணக்கிடலாம்.

சங்கிலி மிகவும் குட்டையாக இருந்தால் இறப்பர் ஒட்டும், பலம் குறையும். மிகவும் நீண்டிருந்தால் இயந்திரத்தில் இளகாது, மற்றப் பொருட்கள் அதனுடன் கலக்காது, மின்சாரச் செலவு ஏறும். ஆகவே உலகம் முழுவதும் உற்பத்தியாளர்கள் இந்த நீளத்தைக் கட்டுப்படுத்துவதில் கவனம் செலுத்துகின்றனர். 100 பாகை செல்சியஸில் இறப்பருக்குள் ஒரு தட்டைச் சுழற்றி, அதற்கு எவ்வளவு எதிர்ப்பு வருகின்றது என்று அளக்கின்றார்கள். அந்த அளவுதான் மூனி எண்.

அரைப் பங்கு மருந்து

1942இல் மலாயா ஜப்பானியர் வசமானபோது, நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரில் பெரும்பகுதி எமது நாட்டிலிருந்தே போனது. அது போதாமையால் அமெரிக்கா செயற்கை இறப்பரைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. 75 பங்கு பியூட்டாடையீனுக்கு 25 பங்கு ஸ்டைரீன் சேர்த்தார்கள். கூடவே டொடெசைல் மேர்கப்டன் என்ற கந்தகச் சேர்மத்தில் அரைப் பங்கு மாத்திரம் சேர்த்தார்கள்.

அந்த அரைப் பங்கின் வேலை என்ன? வளர்ந்துகொண்டு போகும் சங்கிலியின் நுனிக்கு மேர்கப்டன் ஓர் ஐதரசன் அணுவைக் கொடுக்கின்றது. அத்துடன் அந்தச் சங்கிலி நின்றுவிடும். மேர்கப்டனின் எஞ்சிய பகுதி புதிய சங்கிலி ஒன்றைத் தொடங்கி வைக்கும். மருந்தைக் கூட்டினால் சங்கிலி குட்டையாகும், குறைத்தால் நீளும். அது இல்லாவிட்டால் உருளையில் அரைக்க முடியாத முரட்டுப் பொருளே கிடைக்கும்.

பிளாஸ்டிக்கிலும் இதே கதைதான். வாளியும் கதிரையும் செய்யப் பயன்படும் பொலிப்புரொப்பிலீனின் சங்கிலி நீளத்தை, தயாரிக்கும்போது சேர்க்கப்படும் ஐதரசன் வாயுவே நிர்ணயிக்கின்றது.

மரம் செய்யும் இறப்பர்

செயற்கை இறப்பரின் நீளத்தைத் தொழிற்சாலை அளந்து வைக்கின்றது. மரத்துக்குள் உருவாகும் சங்கிலியில் நாம் கைவைக்க முடியாது. மரத்தின் இனத்துக்கு ஏற்பவும் அது மாறுபடும். போதாததற்கு, காய்ந்து களஞ்சியத்தில் கிடக்கும் இறப்பரும் சும்மா இருப்பதில்லை. சங்கிலிகளில் உள்ள அல்டிஹைட்டுக் கூட்டங்கள் பக்கத்துச் சங்கிலிகளோடு பிணைந்துகொள்கின்றன. நாள் செல்லச் செல்ல இறப்பர் இறுகும். காய்ந்த புதிதில் 60 அளவில் இருந்த மூனி எண், சில மாதங்களில் 80ஐத் தாண்டுவதும் உண்டு.

இதற்கு மருந்து ஹைட்ரொக்சிலமைன் சல்பேற்று. 1,000 கிலோ உலர்ந்த இறப்பருக்கு 1.5 கிலோ என்பது வழமையான அளவு. அது அந்தக் கூட்டங்களை அடைத்துவிடுவதால் சங்கிலிகள் பிணைவதில்லை. சந்தையில் சீ.வீ. 60 என்று விற்கப்படும் 'மாறாப் பாகுநிலை' இறப்பர் இதுதான். அதன் மூனி எண் 55க்கும் 65க்கும் இடையில் நிற்க வேண்டும். இந்த மருந்தைப் பால் உறையும் முன்னரே சேர்த்துவிட வேண்டும். இறுகிய ஷீட்டை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது. அத்துடன் அது நச்சுப் பொருள். கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

வெட்டும் மருந்துகள்

எமது நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த வெண்கிறேப் இறப்பரிலும் மேர்கப்டன் குடும்பத்து மருந்து ஒன்று நிறம் வெளுக்கப் பயன்படுகின்றது. நிறத்தை நீக்கும் அதே மருந்து சங்கிலியை வெட்டவும் வல்லது. பளிச்சென்ற வெண்மைக்கு ஆசைப்பட்டு அளவை மீறினால் இறப்பர் தளர்ந்துபோகும், விரைவில் பழுதாகும்.

செருப்பு, கால்மிதி, டயர் மீள்பூச்சுப் பட்டறை நடத்துவோர் வாங்கும் பெப்டைசர் என்ற மருந்தும் இத்தகையதே. உருளையில் அரைக்கும்போது ஒட்சிசன் சங்கிலியை வெட்டுவதை அது துரிதப்படுத்துகின்றது. 100 கிலோவுக்கு 100 முதல் 500 கிராம் வரையே போதும். நேரமும் மின்சாரமும் மிச்சமாகும். கையளவில் அள்ளிப் போட்டால் பொருளின் ஆயுள் குறையும்.

வியாபாரி செய்ய வேண்டியவை

முதலாவது, விலை ஏறும் என்று ஷீட்டை மாதக்கணக்கில் பதுக்கி வைப்பவர், அது உள்ளே இறுகிக்கொண்டிருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய இருப்பையும் புதியதையும் ஒரே கட்டில் கலக்கக்கூடாது. வாங்கிய திகதியை எழுதி வைப்பது நல்லது.

இரண்டாவது, செம்பு, பித்தளைப் பாத்திரங்களை இறப்பர் பாலுக்குக் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது. சிறிதளவு செம்பும் சங்கிலியைச் சிதைத்துவிடும்.

மூன்றாவது, இரசாயனம் விற்கும் கடைக்காரர் பெயரும் அளவும் இல்லாத போத்தலில் மருந்தை ஊற்றிக் கொடுக்கக்கூடாது. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சேர்க்கும் பொருளில் ஒரு தேக்கரண்டி தவறும் பெரிய தவறே.

நான்காவது, பெரிய தொகை விற்கும் முன் மாதிரி ஒன்றைப் பரிசோதித்துக்கொள்வது. அகலவத்தையைத் தலைமையிடமாகக் கொண்ட இறப்பர் ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் உடையது. பரிசோதனைக்குச் செலவாகும் பணம், பொருள் திரும்பி வந்தால் ஏற்படும் நட்டத்தோடு ஒப்பிடும்போது சிறியது.

மேலே காய்ந்த தானியமும் அடியில் நனைந்த தானியமுமாக வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அனைவரும் அறிந்ததே. அன்று கையை உள்ளே விட்டதும் ஈரம் தெரிந்தது. இறப்பர் கட்டுக்குள் கையை விட்டால் எதுவும் தெரியாது. விற்பவருக்கு மாத்திரமே தெரிந்த குறை அது. ஆகவே அதைச் சொல்லும் பொறுப்பும் அவரிடம் அமானிதமாக இருக்கின்றது. "இது ஆறு மாதப் பழைய இருப்பு" என்று சொல்லி விற்றால் கிலோவுக்குச் சில ரூபா குறையலாம். ஆனால் வாங்கியவர் அடுத்த முறையும் உங்களையே தேடி வருவார். வியாபாரத்தில் பரகத் என்பது அதுதான்.