இஞ்சிக் குக்கியின் முகத்தில் விரிசல் ஏன்?

அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம். மேப்பிள் மர இலைகள் சிவந்து உதிரும். குளிர் மெல்ல ஏறும். அந்நாட்களில் பல வீடுகளில் இஞ்சிக் குக்கி சுடுவார்கள். குக்கி என்பது ஒருவகை இனிப்பு பிஸ்கட்.

மைதா, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மொலாசஸ் என்னும் கருநிறக் கரும்புப் பாகு, சுக்குத்தூள், பட்டை, கிராம்பு ஆகியவற்றுடன் சிறிது சமையல் சோடாவும் சேர்த்துப் பிசைகிறார்கள். சிறு உருண்டைகளாக்கிச் சர்க்கரையில் புரட்டி, சுமார் 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் வைக்கிறார்கள். உள்ளே போவது வழவழப்பான உருண்டை. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வருவதோ, வறண்ட குளத்துத் தரைபோல் வெடித்த பழுப்பு வட்டம்! இது எப்படி நிகழ்கிறது?

முதலில் வெண்ணெய் உருகுகிறது. உருண்டை தளர்ந்து பரவுகிறது. பட்டை, கிராம்பு ஆகியவற்றின் மணப்பொருள்கள் கொழுப்பில் நன்கு கரைபவை. ஆகவே, வெண்ணெய் அவற்றை ஏந்திக்கொள்கிறது.

மொலாசஸ் சற்றே அமிலத்தன்மை உடையது. அதனுடன் சமையல் சோடா வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. சூடு ஏறஏற, எஞ்சிய சோடாவும் சிதைந்து மேலும் வாயுவைத் தருகிறது. நீராவியும் சேர்ந்துகொள்ள, மாவு உப்புகிறது.

இதற்குள் மேற்பரப்பு உலர்ந்துவிடுகிறது. மேலே ஒட்டியுள்ள சர்க்கரை அங்குள்ள ஈரத்தை உறிஞ்சி, உலர்வதை விரைவுபடுத்துகிறது. மேல்தோல் இறுகிய பின்னும் நடுப்பகுதி உப்பிக்கொண்டே இருக்கிறது. விரிய முடியாத தோல் வெடிக்கிறது. அதுவே விரிசல்!

பழுப்பு நிறத்திற்கும் சோடா துணை செய்கிறது. புரதங்களின் அமினோ அமிலங்களும் சிலவகைச் சர்க்கரைகளும் சூட்டில் இணைந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் உண்டாக்குகின்றன. 1912-இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலார் மெய்யார் பெயரால் இது மெய்யார் வினை எனப்படுகிறது. காரத்தன்மை கூடினால் இவ்வினை விரைவாகும். சோடா காரத்தன்மை உடையது அல்லவா?

அப்படியானால் சோடாவை அள்ளிப் போடலாமா? கூடாது! அமிலத்துடன் வினைபுரியாமல் மிஞ்சும் சோடா, சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறுகிறது. இதுதான் சலவைச் சோடா. குக்கியில் சோப்பு நெடியும் கசப்பும் தட்டுவது இதனால்தான். அரைக் கரண்டி மிகுந்தாலும் அத்தனை உழைப்பும் வீண்.

இந்த மாற்றத்தை நீங்களே காணலாம். பெரியவர் ஒருவர் உடனிருக்க, ஒரு சிறு கரண்டி சமையல் சோடாவை உலர்ந்த வாணலியில் பத்து நிமிடம் சூடாக்கி ஆறவிடுங்கள். இரண்டு தம்ளர்களில் மஞ்சள்தூள் கலந்த நீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சூடாக்காத சோடாவையும் மற்றதில் சூடாக்கியதையும் போடுங்கள். முதலாவது சற்றே நிறம் மாறும். இரண்டாவதோ ஆரத்தி நீர்போல் நன்கு சிவக்கும்! சூடாக்கிய தூளைச் சுவைக்கவோ கையால் தொடவோ வேண்டாம்.

மணமுள்ள பண்டத்திற்கும் கசக்கும் பண்டத்திற்கும் இடையே நிற்பது ஒரு கரண்டியின் அளவு. சமையலறையும் ஓர் ஆய்வுக்கூடமே. அங்கும் அளவே முதல் பாடம்.