நவராத்திரி மேஜை அலங்காரமும் தென்னங்குருத்தும்

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மேல்நாட்டார் அறுவடையான பறங்கிக்காய், தானியக்கதிர், பழுத்த இலை முதலியவற்றை உணவு மேஜையின் நடுவில் அடுக்கி அழகுபார்ப்பது வழக்கம். நம் நாட்டில் அதே பருவத்தில் நவராத்திரி வருகிறது. கொலுவின் முன்பும், சரஸ்வதி பூஜையன்று சங்கத்தின் கணக்குப் புத்தகங்களை வைக்கும் மேஜையிலும் அலங்காரம் செய்யப்படுகிறது. வேதாரண்யம் வட்டாரத்தில் இதற்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் கொல்லையிலேயே உள்ளன. கடைக் காகிதப்பூவிற்குக் காசு கொடுப்பது அநாவசியம். ஆயினும் கொல்லையிலுள்ளதைக் கொய்வதிலும் கவனிக்கவேண்டிய விஷயங்கள் சில உண்டு.

செய்முறை எளிது. அகன்ற மண்சட்டி ஒன்றில் மணலைக் கொட்டி, நன்றாய் நனைத்து, தாம்பாளத்தின்மேல் வைக்கவேண்டும். கடற்கரை மணல் உதவாது; அதிலுள்ள உப்பு, செருகிய தண்டுகளை வாடச்செய்யும். தோட்டத்து மணலை ஒருமுறை கழுவி எடுத்துக்கொள்வது சிலாக்கியம். நடுவில் சிறு பறங்கிக்காய் ஒன்றைப் பதித்து, சுற்றிலும் கோழிக்கொண்டை, வாடாமல்லி ஆகியவற்றைக் காம்புடன் செருகி, ஓரத்தில் வெற்றிலையையோ மாவிலையையோ வரிசையாகச் சார்த்தினால் போதும். உயரம் ஒரு சாணுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் எதிரெதிரே அமர்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இயலாது. இவ்விரு பூக்களும் காய்ந்தபின்னும் நிறம் மங்குவதில்லை. ஆகையால் முதல்நாள் வைத்தவை விஜயதசமி வரையில் நிற்கும். பனம்பழம் எஞ்சியிருந்தாலும் அதை மேஜையில் வைக்கலாகாது. அதன் வாசனைக்கு ஈ மொய்க்கும். அதைச் சாப்பிட்டுவிடுவதே உத்தமம்.

முல்லை பயிரிடுவோர் சிலர் தம் பூவையே மேஜையில் பரப்பிவிடுவதுண்டு. பண்டிகையை ஒட்டிப் பூ விலை ஏறும் சமயம் அது. அரும்பைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, வீட்டிற்கு ஒரு முழம் நிறுத்திக்கொள்வதே குடித்தனத்திற்கு ஏற்றது.

இனித் தென்னங்குருத்தைப்பற்றிச் சொல்லவேண்டும். குருத்தோலை இன்றித் தோரணம் சோபிக்காது என்பது மெய்தான். ஆனால் தென்னை ஒற்றை முனையில் வளரும் மரம். நல்ல மரம் வருஷத்திற்குச் சுமார் 12 மட்டைகள் விடும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை வரும். குருத்து ஒன்றை அறுத்தால் ஒரு மாத வளர்ச்சி போவதுடன், அம்மட்டை ஊட்டி வளர்க்கவேண்டிய குலையும் மெலியும். அரிவாள் ஆழ இறங்கி உள்முனை அறுபட்டாலோ, மரமே பட்டுப்போகும். பக்கத்தில் கிளைத்துப் பிழைக்க அதற்கு வழியில்லை. காயத்தின் வாசனையை நாடிச் சிவப்புக் கூன்வண்டும் வந்து முட்டையிடும்.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கரையைக் கடந்த கஜா புயலில் இவ்வட்டாரத்துத் தென்னைகள் ஏராளமாய் வீழ்ந்தன. அதன்பின் நட்ட பிள்ளைகளை நம்பியே அநேக குடும்பங்கள் இருக்கின்றன. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர 6, 7 வருஷங்கள் பிடிக்கும். உயர்ந்த மரத்தில் ஏற ஆள் தேடவேண்டும். இளமரத்தின் குருத்தோ கைக்கு எட்டுவது. பண்டிகை அவசரத்தில் அரிவாள் அதன்மேல்தான் முதலில் விழும்.

இதற்குப் பரிகாரம் சங்கத்தின் கையில் இருக்கிறது. தேறிய மரத்தின் ஒரு மட்டையில் சுமார் 200 ஓலைகள் இருக்கும். வீட்டிற்கு 10 வீதம் 20 வீடுகளுக்கு ஆகும். காய்ப்பு நின்று, வெட்டிவிட எண்ணியுள்ள கிழமரம் எந்த அங்கத்தினர் கொல்லையில் இருக்கிறதென்று காரியதரிசி முன்னதாகவே விசாரித்து, அதைப் பண்டிகைக்கு முதல்நாள் வெட்டச்செய்து, குருத்தைப் பங்கிட்டுக் கொடுக்கலாம். கூலியையும் அவ்வாறே பகிர்ந்துகொள்ளலாம்.

மாவிலையிலும் இத்தகைய எச்சரிக்கை தேவை. மாமரம் முற்றிய கொம்புகளின் நுனியில் பூப்பது. புரட்டாசியில் நுனியை ஒடித்தால் தை மாதத்துப் பூவை ஒடித்ததாகும். உட்புறத்து இலைகளைத் தனித்தனியே கிள்ளவேண்டும். கோடியக்கரைக் காடு 1967 முதல் சரணாலயமாதலால் அங்கே தழை வெட்டலாகாது.

பூஜை முடிந்ததும் பறங்கிக்காய் சமையலுக்கும், வாடிய தழை எருக்குழிக்கும் போகலாம். சட்டி மணலில் கோழிக்கொண்டை விதை உதிர்ந்திருக்கும். அதை வேலியோரம் கொட்டிவைத்தால் ஐப்பசி மழைக்கு முளைக்கும்.