காக்கா வலிப்புக்கு சாவிக்கொத்து எதுக்கு? கழுத்து நரம்பில் 'கரண்ட்' கொடுக்கும் சிகிச்சை: நாய்க்கும் செய்து பார்த்தார்கள்!

சாணார்பட்டி:-

பஸ் ஸ்டாண்டிலோ, சந்தையிலோ ஒருத்தர் காக்கா வலிப்பு வந்து விழுந்தால், "சாவியைக் கொடு, இரும்பைக் கொடு" என்று நாலு பேர் கத்துவது சாணார்பட்டி பக்கம் மட்டுமல்ல, ஊர் ஊருக்கு நடப்பதுதான். கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றுவிடும். பெயர் சாவிக்குப் போய்விடும்.

உண்மை என்னவென்றால், பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். இரும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் இருந்தாலே போதும். 5 நிமிடம் தாண்டினால் 108-க்கு போன் போட வேண்டும்.

மூளைக்குள் மின்சாரம் தாறுமாறாகப் பாய்வதுதான் வலிப்பு. அதை இன்னொரு மின்சாரத்தால் அடக்கும் வைத்தியமும் இருக்கிறது. மூளையில் இருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிற 'வேகஸ்' நரம்பில்தான் அந்த வேலை நடக்கிறது. நெஞ்சில் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் பேட்டரி கருவி ஒன்றை வைத்துத் தைத்து, அதன் ஒயரை கழுத்து நரம்பில் சுற்றி விடுவார்கள். வழக்கமாக 5 நிமிடத்துக்கு ஒரு முறை, 30 விநாடி லேசான கரண்ட் பாயும்.

நாயில் தொடங்கியது

அமெரிக்காவில் ஜேக் சபாரா என்ற விஞ்ஞானி 1980-களில் இதை முதலில் நாய்களிடம்தான் சோதித்தார். 1988-ல் மனிதருக்குப் பொருத்தினார்கள். 1997-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

வேடிக்கை என்னவென்றால், சாவியால் முடியாததை இங்கே காந்தம் செய்கிறது! வலிப்பு வருவது தெரிந்ததும், நோயாளியோ வீட்டில் இருப்பவர்களோ அதற்கென்று கொடுத்த காந்தத்தை நெஞ்சில் உள்ள கருவி மேல் ஒரு தடவை தேய்த்தால், கூடுதலாக கரண்ட் பாயும். சிலருக்கு வலிப்பு அதோடு நின்றுவிடுகிறது.

ஆனால் இது எல்லோருக்கும் இல்லை. வலிப்பு நோயாளிகளில் சுமார் 70 சதவீதம் பேருக்கு மாத்திரையே போதும். இரண்டு வகை மாத்திரையை சரியாகச் சாப்பிட்டும் அடங்காதவர்களுக்கு, மூளையில் ஆபரேஷன் செய்ய முடியுமா என்று முதலில் பார்ப்பார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1995 முதல் அந்த ஆபரேஷன் நடக்கிறது. அதற்கும் வழியில்லாதவர்களுக்குத்தான் இந்தக் கருவி. செலவு பல லட்சம். அப்படியும் சுமார் பாதிப் பேருக்குத்தான் வலிப்பு பாதிக்குப் பாதியாவது குறைகிறது. அதுவும் மாதக்கணக்கில் ஆகும். குரல் கரகரப்பு, இருமல் வரலாம். மாத்திரையை நிறுத்தவும் முடியாது. "நல்லாத்தானே இருக்கு" என்று பாதியில் மாத்திரையை விடுகிறவர்களுக்கு, வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும் ஆபத்து உண்டு.

வீட்டு நாய்க்கு வந்தால்...

2002-ல் அமெரிக்காவில் 10 நாய்களுக்கு இதே கருவியை வைத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பெரிய பலன் தெரியவில்லை. கடைசி 4 வாரத்தில் மட்டும் வலிப்பு ஓரளவு குறைந்தது. அதனால் இன்றைக்கும் நாய்க்கு மாத்திரைதான். மனிதருக்குக் கொடுக்கும் பினோபார்பிட்டோன் மாத்திரையே நாய்க்கும் கொடுக்கப்படுகிறது. எடையைப் பார்த்து கால்நடை டாக்டர்தான் அளவு சொல்ல வேண்டும். வலிப்பு வந்த நாயின் வாய் பக்கம் கையைக் கொண்டுபோகக் கூடாது. தடுப்பூசி போடாத நாய்க்கு நுரை தள்ளினால், அது வெறிநோயாகவும் இருக்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது.