மாசி, பங்குனி மரக்கறி அறுவடையும் கிழமைப் பங்கீடும்

மாரிமழை ஓய்ந்து தைப்பொங்கலும் கழிந்த பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தறைகளிலே மரக்கறிப் பயிர்கள் ஒருங்கே காய்க்கத் தொடங்குகின்றன. கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் முதலிய இடங்களிலுள்ள கமக்காரர் இதனை நன்கறிவர். மாசி, பங்குனி மாதங்களில் எல்லோருடைய தோட்டத்திலும் கத்தரியும் தக்காளியும் ஒரே வேளையில் முற்றுவதனால் சந்தையில் விலை சரிகின்றது. ஏற்றுகூலியும் கழிவும் போனபின், காய் பறித்த கூலிதானும் மிஞ்சாத நாட்கள் உண்டு. ஆதலால், அயலிலுள்ள சில குடும்பங்களைப் பங்காளராகச் சேர்த்து, கிழமைக்கு ஒருமுறை மரக்கறிப் பங்கு வழங்கும் முறையைக் கைக்கொள்ள விரும்புவோர்க்கென இத்துண்டுப் பிரசுரம் எழுதப்படுகின்றது.

இம்முறை பிறநாடுகளில் நெடுங்காலம் பரீட்சிக்கப்பட்டதாகும். யப்பானில் இது 1970 களிற் பரவியது. ஐக்கிய அமெரிக்காவில் 1986 ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ், நியூ ஹம்சயர் மாநிலங்களிலுள்ள இரு கமங்கள் இதனைத் தொடக்கின. பங்காளர் போகத்தின் தொடக்கத்திலேயே பணம் செலுத்துவர். விளைவு கூடினாற் பங்கு கூடும், குறைந்தாற் குறையும். நட்டத்திலும் அவர்கள் பங்குகொள்வதே இதன் உயிர்நிலை. அதனைத் தெளிவாகச் சொல்லாது முற்பணம் பெறுதல் தகாது. எமது நாட்டில் 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாடு நிலவியபோது, தொலைவிலுள்ள சந்தையை நம்பியிருந்தோர் பட்ட இடர் யாவரும் அறிந்ததே. துவிச்சக்கர வண்டியில் எட்டக்கூடிய தூரத்திலுள்ள பங்காளர் இத்தகைய காலத்திற் பெரிய பலமாவர்.

எத்தனை குடும்பங்களைச் சேர்க்கலாம் என்பதே முதல் வினா. ஆசையால் அளவுக்கு மிஞ்சிச் சேர்த்துவிட்டுப் பின்னர் சந்தையில் வாங்கிக் கொடுப்போர் நெடுநாள் நிலைப்பதில்லை. முதல் மூன்று கிழமைகளுக்குப் பறித்த ஒவ்வொரு காயின் எடையையும் கொப்பியிற் குறித்து, வீட்டுத் தேவையைக் கழித்து, எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத்திரம் பங்காளரைச் சேர்த்தல் நன்று. குடும்பம் ஒன்றுக்குக் கத்தரி 1 கிலோ, தக்காளி 1 கிலோ, வெண்டி 750 கிராம், பயற்றங்காய் 500 கிராம், பாகல் 500 கிராம், சின்னவெங்காயம் 250 கிராம், கீரை இரண்டு பிடி என்று கொண்டால், பத்துக் குடும்பங்களுக்குக் கீரை நீங்கலாக 40 கிலோ வேண்டும். முளைக்கீரை மூன்று, நான்கு கிழமையிற் பிடுங்குந் தரத்தை அடைவதால், கிழமைதோறும் ஒரு சிறு பாத்தி விதைத்து வந்தாலன்றிக் கீரை தொடர்ந்து கிடையாது. ஒரே நாளில் முழுத்தறையையும் விதைக்கும் வழக்கம் சந்தைக்குப் பொருந்தலாம், பங்கீட்டுக்குப் பொருந்தாது.

கிழமைக்கு ஒருமுறை கொடுப்பதாயினும் கிழமைக்கு ஒருமுறை பறித்தல் கூடாது. இதிலேதான் பலர் வழுவுகின்றனர். வெண்டிப்பிஞ்சு பூத்த ஐந்தாறு நாளிற் பறிக்குந் தரத்தை அடைந்து, மேலும் இரண்டு நாள் நின்றால் நாரேறிவிடும். நுனியை வளைத்தாற் சட்டென்று முறிவதே நற்காய். முற்றிய காயைச் செடியில் விட்டால் புதிய காய் பிடிப்பதும் குறையும். ஆகவே ஒன்றைவிட்டொரு நாள் பறித்து, பங்கு நாளுக்கு முந்தியவற்றை வீட்டுக்கோ சந்தைக்கோ ஒதுக்குக. பயற்றங்காயை விதை புடைக்குமுன் எடுத்தல் வேண்டும். கத்தரிக்காயின் தோல் பளபளப்பை இழந்து மங்கினால் உள்ளே விதை கடினமாயிற்று என்று அறிக. அதனைக் காம்புடன் கத்தியால் வெட்டுதல் வேண்டும், இழுத்துப் பறித்தாற் கிளை முறியும். தக்காளியில் அடிப்புறம் சிறிது சிவந்தவை, பாதி சிவந்தவை, முழுதும் பழுத்தவை என மூவகையையுங் கலந்து கொடுப்பின், வாங்கியவர் வீட்டில் ஒரேநாளில் அழுகாது கிழமை முழுவதும் உதவும். பூசணியைக் காம்பு காய்ந்து தடித்தபின் காம்போடு வெட்டிவைத்தால் இரண்டு மாதமளவில் இருக்கும்; மழையால் வேறு காய்கள் கெட்டுப்போன கிழமையில் இதுவே கைகொடுக்கும். மரவள்ளியையோ பங்கு நாளன்றே கிளறுதல் வேண்டும். கிளறிய இரண்டு மூன்று நாளிற் கிழங்கினுள்ளே கருநீலக் கோடு ஓடிவிடும்.

பறித்த காயும் உயிருள்ள பொருளே. அது சுவாசித்து வெப்பத்தை வெளிவிடும். நீரை இழந்து வாடும். வெப்பநிலை 10 பாகை செல்சியசு கூடும்போது சுவாசம் ஏறக்குறைய இருமடங்கு, மும்மடங்காகும். எனவே காலை வெயில் ஏறுமுன் பறித்து, உடனே மரநிழலிற் சேர்த்தல் அவசியம். பனையோலைக் கடகத்தில் ஈரமற்ற வாழையிலையை விரித்து மட்டாக அடுக்கலாம். சாக்கில் அமுக்கி அதன்மேல் ஆள் இருந்து செல்வதைவிடக் காயைத் தோட்டத்திலேயே விடுவது மேல். கீரைக்கு நீர் தெளிக்கலாம். வெண்டி, தக்காளி, வெங்காயம் ஆகியவற்றுக்குத் தெளித்தல் ஆகாது. பழுத்த தக்காளியும் வாழைப்பழமும் எதிலீன் என்னும் வாயுவை வெளிவிடுவதால், பாகலையும் கீரையையும் அவற்றுடன் ஒரே கூடையில் இரவு முழுவதும் வைத்தால் மஞ்சளித்துப் போகும்.

பூச்சிநாசினி விசிறியிருப்பின், சிட்டையிற் குறிக்கப்பட்ட காத்திருப்பு நாட்கள் கழியுமுன் ஒரு காயேனும் பங்கிற் சேர்க்கப்படலாகாது. இரண்டு நாளைக்கொருமுறை பறிக்கும் வெண்டிக்கும் பயற்றைக்கும் இவ்விதியைக் காப்பது கடினம். ஆதலின் காய்க்கத் தொடங்கியபின் மருந்து விசிறாது, புழு துளைத்த காயையும் குருத்தையும் நாடோறும் நீக்கி அழித்தலும், பாகற்பிஞ்சுகளைக் கடதாசிப் பையால் மூடிப் பழஈயினின்றும் காத்தலுமே ஏற்ற வழிகள். மருந்து விசிறவே நேர்ந்தால் அக்கிழமை அக்காய் இல்லையென்று காரணத்துடன் அறிவித்துவிடுக. சிறு பிள்ளைகள் உண்ணும் உணவு இது. ஐயமுள்ளோர் தமது பிரிவின் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டறிக.

பங்கு கொடுக்கும் நாளாக வியாழன் மாலையைக் கொள்ளலாம். சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சமையலாதலால் அன்று காய் புதிதாக இருக்கும். மாசியிற் சிவராத்திரியும், பங்குனியில் திங்கட்கிழமை விரதங்களும் வருவதால் அக்கிழமைகளிற் பூசணியும் பயற்றங்காயும் கூடுதலாக வேண்டப்படும். கணக்கை முன்னரே பார்த்துக்கொள்ளுக.

பங்குனி முடிவிற் கிணற்று நீர் இறங்கி, கடலோரக் கிராமங்களில் உவர்ப்பும் தலைகாட்டும். அப்போது எல்லாப் பாத்திக்கும் அரைகுறையாக இறைப்பதைவிட, ஓய்ந்துபோன தக்காளியைப் பிடுங்கிக் கூட்டெருக் குழியிலிட்டு, கத்தரிக்கும் கீரைக்கும் நிறைவாக இறைத்தல் இலாபமானது. பங்கு சிறுக்கப்போவதை இரண்டு கிழமைக்கு முன்னரே பங்காளருக்குச் சொல்லிவிட வேண்டும். சித்திரை வருடப்பிறப்பு வரும் கிழமையில் வேலியோரத்து முருங்கைக்காயையும் மாங்காயையும் வாழைப்பூவையும் சேர்த்தால் குறைந்த எடை ஓரளவு நிரம்பும். அவற்றுக்கு இறைப்புச் செலவும் இல்லை.