மலைப்பழமும் வெள்ளவத்தை கேக்கும்

2022 ஆம் ஆண்டு டொலர் நெருக்கடியில் நம்மவர்கள் பட்ட பாட்டை விரித்துச் சொல்லத் தேவையில்லை. வெள்ளவத்தையில் கேக் கடை வைத்திருக்கும் என்னை முதலில் கைவிட்டது மாவோ சீனியோ அல்ல, வெளிநாட்டிலிருந்து டின்னில் வந்த புளூபெரிக் கலவைதான். கல்யாண ஓடர்களுக்கு அதைத்தான் கேட்பார்கள். விலை ஏறியது, பிறகு சரக்கே வரவில்லை.

கொட்டாஞ்சேனையில் எனக்குக் கேக் சுட்டுத்தரும் பேக்கரிக்கார நானா ஒருநாள், “தம்பி, நானுஓயாப் பக்கம் பத்தையில ஊதாப் பழம் ஒண்டு காய்க்கிது. அதப் பாத்தா என்ன?” என்றார்.

அவர் சொன்னது ஆங்கிலத்தில் ‘ஹில் கூஸ்பெரி’ எனப்படும் பழம். நீலகிரியில் இதைத் தவிட்டுப்பழம் என்பார்கள். இளஞ்சிவப்புப் பூ, விரல் நுனியளவு பழம், உள்ளே நிறைய விதை. வியட்நாமில் இதிலிருந்து மது வடிக்கிறார்கள். அது நமக்கு வேண்டாம். ஜாமுக்கு அருமையான பழம்.

ஆனால் மலையில் கிடப்பதையெல்லாம் பறிக்கலாம் என்று எண்ணி யாரும் வாளியோடு கிளம்பிவிட வேண்டாம். ஹோர்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே செடிகொடிகளில் கைவைப்பது குற்றம். நான் தேயிலைத் தோட்டமொன்றின் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, அங்கே கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவிடம் கிலோ கணக்கில் விலை பேசினேன். வேலை முடிந்த பிறகு தோட்டத்து ஓரங்களில் அவரும் மகளும் பறித்தார்கள்.

முதல் வாளி பஸ்ஸில் வந்தது. திறந்தபோது பாதி நசுங்கி, புளித்து நுரைத்திருந்தது. காசு கொடுத்து வாங்கிய பாடம்.

அடுத்த முறை அங்கேயே சீனி சேர்த்துக் காய்ச்சி அனுப்பச் சொன்னேன். பாகை அளவிடும் மானியொன்றும் கொடுத்து, “105 பாகை வரும்வரை அடுப்பிலிருந்து இறக்க வேண்டாம்” என்று சொல்லியிருந்தேன். வந்தது ஜாம் அல்ல, டொபி! தவறு என்னுடையது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 1,600 மீற்றர் உயரத்திலுள்ள நானுஓயாவில் 95 பாகைக்குச் சற்றுக் குறைவிலேயே கொதித்துவிடும். கொதிநிலைக்கு மேல் நாலைந்து பாகை ஏறினாலே ஜாம் பதம் வந்துவிடும். அங்கே அது 99 பாகை. கொழும்புக் கணக்கை மலைக்கு அனுப்பியது நான்தான்.

மூன்றாவது முறை பதம் சரி. ஆனால் நானா சுட்ட கேக் சாம்பல் நீலமாக வெளிவந்தது. கலவையில் அவர் வழக்கம்போல் அப்பச்சோடா போட்டிருந்தார். பழத்தின் ஊதாச் சாயம் காரம் பட்டால் நீலமாகிவிடும். சோடாவை நிறுத்திப் பேக்கிங் பவுடருக்கு மாறி, பழக்கலவையில் கொஞ்சம் தேசிக்காய்ச் சாறும் விட்டோம், நிறம் நின்றது. மேற்பூச்சு இறுகுவதற்குப் பலர் ஜெலட்டின் பாவிக்கிறார்கள். அது எந்த மிருகத்திலிருந்து வந்தது என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் வைத்திருக்க வேண்டும். பழத்தோலிலிருந்து எடுக்கும் பெக்டினில் அந்தத் தலையிடி இல்லை.

2023 இல் கேக் நன்றாக ஓடியது. அப்போதுதான் நான் வியாபாரப் புத்தியைக் காட்டினேன். பழம் குவிந்த வாரத்தில், “அக்கா, இப்ப நிறையக் கிடைக்குதுதானே, விலையக் குறைங்க” என்றேன். அவர் வாதாடவில்லை. “சரிங்க ஐயா” என்றார்.

அடுத்த பருவத்தில் தொலைபேசியில் அழைத்தேன். நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதிக்குக் கொடுப்பதாகச் சொன்னார். அவர்கள் நான் முதலில் பேசிய விலையையே கொடுக்கிறார்களாம். பழம் குவிந்தாலும் குறைப்பதில்லையாம். எனக்கோ கையில் நான்கு கல்யாண ஓடர். நேரில் போனேன். லயத்து வாசலில் தேநீர் தந்தார். அந்த வருடப் பழம் முழுவதும் பேசி முடிந்துவிட்டது என்றார். ஓடர்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு, ஸ்ட்ரோபெரி கேக் கொடுத்துச் சமாளித்தேன்.

இப்போது பருவம் தொடங்குமுன்பே விலையைப் பேசி, பாதிப் பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். பறிப்பதில் பாதி எனக்கு, மீதி விடுதிக்கு. எந்தப் பாதி எனக்கு என்பதை மட்டும் அந்த அக்காதான் தீர்மானிக்கிறார்.