லோடு வண்டிக்கு எந்த டயர்? "பட்டன் பெருசா இருக்கு" என்று வாங்கி ஏமாறாதீர்கள்!

சென்னை நகரம் தூங்கும்போது தூங்காதவை இரண்டு. ஒன்று கடல். இன்னொன்று லோடு வண்டி!

நள்ளிரவு தாண்டியதும் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டைகள் ஏறத் தொடங்கும். விடிவதற்குள் தாம்பரம், ஆவடி, திருவொற்றியூர் என்று திசைக்கொன்றாக வண்டிகள் பறக்கும். காய்கறி இறங்கியதும் ஓய்வா? இல்லை. அதே வண்டியில் பகலில் சிமெண்டு ஏறும். மாலையில் வீடு மாறுகிறவர்களின் பீரோவும் கட்டிலும் ஏறும்.

"குட்டி யானை" என்று செல்லமாக அழைக்கப்படும் டாட்டா ஏஸ் 2005-ம் ஆண்டில் வந்தது. இன்று தோஸ்த், பொலிரோ பிக்-அப் என்று சின்ன லோடு வண்டிகள் இல்லாத தெருவே இல்லை. மாதத் தவணை, டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் போக மிஞ்சுவதுதான் வண்டிக்காரரின் குடும்பச் செலவுக்கு. அந்த மிச்சத்தை ஒரே நாளில் விழுங்கக்கூடிய செலவு ஒன்று உண்டு.

அதுதான் டயர்!

நாலு டயரும் தேய்ந்து போனால் ஒரு மாத வருமானம் காலி. தப்பான டயர் வாங்கினாலோ வருமானம் மட்டும் போகாது. ஆளே போய்விடும் ஆபத்தும் இருக்கிறது.

மயக்கும் "ஏ.டி." டயர்

டயர் கடை வாசலில் கட்டம் கட்டமாக, முரட்டுப் பட்டனோடு ஒரு டயர் நிற்கும். பார்த்தாலே ஆசை வரும். "ஆல் டெரெய்ன்" என்று பெயர். சுருக்கமாக "ஏ.டி.". எல்லா நிலத்துக்கும் ஏற்றது என்று அர்த்தம்.

"நம்ம ரோடு இருக்கிற லட்சணத்துக்கு இதுதான் சரி. வடிகால் வேலைன்னு ஒருத்தன் தோண்டுறான், மெட்ரோன்னு ஒருத்தன் தோண்டுறான். பட்டன் பெருசா இருந்தா பள்ளத்துல கவலையே இல்லை" என்று டிரைவர்கள் பேசிக்கொள்வது வழக்கம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளம் வேறு, சேறு வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் பணத்தைக் கொட்டுகிறவர்கள் பலர்.

பெரிய பட்டன்களுக்கு நடுவே அகலமான இடைவெளி இருக்கும். சேற்றிலும், சரளைக் கல்லிலும், மணலிலும் அந்த இடைவெளிதான் நிலத்தைக் கவ்விப் பிடிக்கிறது. தார் ரோட்டில் அப்படிக் கவ்வுவதற்கு எதுவும் இல்லை. அங்கே ரப்பர் எவ்வளவு தரையில் படுகிறதோ, அவ்வளவுக்குத்தான் பிடிப்பு. இடைவெளி அதிகம் என்றால் படுகிற ரப்பர் குறைவு. மழை ஈரத்தில் பிரேக் அடித்தால், ரோட்டு டயரைவிட முரட்டு டயர் பொதுவாகச் சற்றுத் தள்ளித்தான் நிற்கும்.

இன்னும் இருக்கிறது. முரட்டு டயர் கனம் அதிகம். உருட்ட டீசலும் அதிகம். ஓடும்போது "ஙொய்ங்" என்று சத்தம். இடைவெளியில் கல் மாட்டிக்கொண்டால் உள்ளே குடைந்து கொண்டே போகும்.

மூன்று வகை

15, 16 அங்குல வீல் உள்ள பிக்-அப் வண்டிகளுக்குக் கடையில் கிடைக்கும் டயர்களை மூன்றாகப் பிரிக்கலாம். அந்த விவரம் வருமாறு:-

எச்.டி.: தார் ரோட்டு டயர். நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளம் இருக்கும். சத்தம் குறைவு, டீசல் மிச்சம், தேய்மானமும் மெதுவாக இருக்கும்.

ஏ.டி.: பாதி ரோடு, பாதி மண் என்று ஓடுகிற வண்டிக்கு.

எம்.டி.: சேற்றுக்கென்றே செய்தது. தினம் நகரில் ஓடும் வண்டிக்கு இது வேண்டவே வேண்டாம்.

12 அங்குல வீல் உள்ள சின்ன வண்டிகளுக்குப் பெரும்பாலும் "ரிப்", "லக்" என்ற இரண்டு வகைதான். ரிப் என்பது நீளக்கோடு. லக் என்பது குறுக்குக் கட்டை. ரிப் முன்னாலும், லக் பின்னாலும் மாட்டுவது லாரிக்காரர்களின் பழைய வழக்கம். காரணம் உண்டு. முன்சக்கரம் வண்டியைத் திருப்ப வேண்டும். பின்சக்கரம் வண்டியைத் தள்ள வேண்டும். ஆனால் ஒரே அச்சில் ஒரு பக்கம் ரிப், மறுபக்கம் லக் என்று மாட்டினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

யாருக்கு எது?

வண்டி ஒரு நாளில் ஓடும் தூரத்தில் எத்தனை கிலோ மீட்டர் தார், எத்தனை கிலோ மீட்டர் மண்? ஒரு வாரம் கணக்கு எழுதிப் பாருங்கள்.

கோயம்பேட்டிலிருந்து கடைகளுக்குக் காய்கறி, தண்ணீர் கேன், பால், கூரியர் என்று ஓடுகிற வண்டியா? கண்ணை மூடிக்கொண்டு தார் ரோட்டு டயர் வாங்கலாம். தெருமுனைப் பள்ளத்தில் விழுந்து எழுவதற்கு முரட்டுப் பட்டன் உதவாது. அங்கே காப்பாற்றுவது சரியான காற்றும், நிதான வேகமும்தான்.

செங்கல் சூளை, கல் குவாரி, புதிதாக மனை போட்ட நகர்கள் என்று தினமும் மண்ணில் இறங்கி ஏறுகிற வண்டியா? அப்போது ஏ.டி. டயர் சம்பாதித்துக் கொடுக்கும். சேற்றில் ஒரு தடவை மாட்டி, இழுக்க ஆள் வைத்தால் போகிற காசும் நேரமும் அதில் மிச்சம்.

சில டயர்களில் "எம் பிளஸ் எஸ்" என்று எழுதியிருக்கும். சேறும் பனியும் என்று அர்த்தம். மலைச் சிகரமும் பனித்துளியும் போட்ட முத்திரையும் சிலவற்றில் உண்டு. உறைபனிக்கு ஏற்ற டயர் என்று காட்டும் அடையாளம் அது. மே மாத வெயிலில் தார் உருகும் சென்னையில், அந்த முத்திரைக்காகக் கூடுதல் காசு கொடுப்பானேன்?

உயிரைக் காக்கும் எண்!

பட்டனைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. டயரின் பக்கவாட்டில் அளவை அடுத்து ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். அந்த எண், ஒரு டயர் எவ்வளவு சுமக்கும் என்பதைச் சொல்கிறது.

91 என்றால் 615 கிலோ. 100 என்றால் 800 கிலோ. 104 என்றால் 900 கிலோ. 106 என்றால் 950 கிலோ. 108 என்றால் 1,000 கிலோ. எழுத்து வேகத்தைக் குறிக்கும். "என்" என்றால் மணிக்கு 140 கி.மீ., "கியூ" என்றால் 160 கி.மீ., "எஸ்" என்றால் 180 கி.மீ.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 215/75 ஆர் 15 என்ற ஒரே அளவில் ஜீப்புக்கான டயரும் வரும், லோடு வண்டிக்கான டயரும் வரும். வீலில் இரண்டும் கச்சிதமாக உட்காரும். ஆனால் ஜீப் டயரில் 100 என்று இருக்கும். "8 பி.ஆர்." போட்ட லோடு டயரில் 106 என்று இருக்கும். ஒரு டயருக்கு 150 கிலோ வித்தியாசம்! பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கும் ஜீப் ஏ.டி. டயர்தான் சுமையில் நோஞ்சான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 1,700 கிலோ, சரக்கு 1,200 கிலோ, ஆக 2,900 கிலோ என்று வைத்துக் கொள்வோம். 100 எண் டயர் நாலு சேர்ந்தால் 3,200 கிலோ தாங்கும். "தாராளமா போதுமே!" என்று தோன்றும்.

போதாது! சரக்கின் பாரம் பெரும்பகுதி பின்னால்தான் விழுகிறது. முன்னால் 1,100 கிலோ, பின்னால் 1,800 கிலோ என்றால், பின் டயர் ஒவ்வொன்றும் 900 கிலோ சுமக்க வேண்டும். 100 எண் டயர் தாங்குவதோ 800 கிலோ. வெயிலில், நெடுஞ்சாலையில், அதிக பாரத்தோடு ஓடும்போது டயர் உள்ளுக்குள் கொதிக்கும். பிறகு ஒரு நொடியில் "டமார்!"

எனவே, கம்பெனி மாட்டி அனுப்பிய டயரில் இருந்த எண்ணுக்குக் குறைவாக எதையும் வாங்கக் கூடாது.

பெரிசு மாட்டினால் பெருமையா?

"ஒரு சைஸ் ஏத்திப் போடுங்க அண்ணே, வண்டி கம்பீரமா இருக்கும்" என்று உசுப்பேற்றுகிறவர்கள் உண்டு.

215/75 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 703 மி.மீ. அதற்குப் பதில் 235/75 ஆர் 15 மாட்டினால் சுமார் 733 மி.மீ. மீட்டர் முள் 60 காட்டும்போது வண்டி 62½ கி.மீ. வேகத்தில் போய்க் கொண்டிருக்கும். மேம்பாலம் ஏறும்போது இழுவை குறையும். முன்சக்கரத்தை முழுசாக ஒடித்தால் மட்கார்டில் உரசவும் கூடும்.

பிறந்த தேதி பாருங்கள்!

டயருக்கும் பிறந்த தேதி உண்டு. பக்கவாட்டில் 4 இலக்க எண் ஒன்று சின்ன வட்டத்துக்குள் இருக்கும். 3225 என்று இருந்தால், 2025-ம் ஆண்டு 32-வது வாரத்தில் செய்தது. வருடக் கணக்கில் குடோனில் கிடந்த சரக்கைப் "புத்தம் புதுசு" என்று தலையில் கட்டினால், இந்த எண் காட்டிக் கொடுத்து விடும்.

சென்னைக்காரர்கள் பழைய சரக்கை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. 1946-ல் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் பாக்டரி, திருவொற்றியூரில்தான் பிறந்தது. ஒரகடத்திலும், ஸ்ரீபெரும்புதூரிலும் டயர் தொழிற்சாலைகள் இருக்கின்றன. டயர் நம் வீட்டுக் கொல்லையில் விளைகிறது. புது சரக்கு கேட்டு வாங்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள்.

காலி வண்டிதான் ஆபத்து!

மழைக்காலத்தில் டிரைவர்கள் மறக்கக் கூடாத விஷயம் இது. லோடு இருக்கும்போது பின்சக்கரம் ரோட்டை அழுத்திப் பிடிக்கும். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது பின்னால் பாரம் இல்லை. பாரத்துக்காக ஏற்றிய காற்று அப்படியே இருக்கும். பட்டனும் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஈர ரோட்டில் பிரேக்கைத் தொட்டதும் வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு சுழலும்.

பட்டன் பள்ளத்தின் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. பள்ளத்துக்குள் சின்ன ரப்பர் மேடு வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகி விட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. "இன்னும் ஒரு மாசம் தாக்குப் பிடிக்கும்" என்று ஐப்பசி மழையில் ஓட்டுவது விபரீதம்.

நாலு டயருக்குக் காசு இல்லை, இரண்டுதான் வாங்க முடியும் என்றால், புதிய இரண்டையும் பின்னால் மாட்டுங்கள். ரீட்ரெட் செய்த டயரை முன்னால் மாட்டவே கூடாது.

விலையா, கிலோ மீட்டரா?

டயரின் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். ஓடும் கிலோ மீட்டரால் வகுத்துப் பாருங்கள். பேச்சுக்கு, நாலு டயர் 24,000 ரூபாய்; 40,000 கி.மீ. ஓடுகிறது என்றால் கி.மீ.க்கு 60 காசு. இன்னொரு வகை 32,000 ரூபாய், 64,000 கி.மீ. ஓடுகிறது என்றால் 50 காசுதான். விலை கூடியதுதான் இங்கே மலிவு!

டீசலையும் சேர்த்துக் கொள்ளுங்கள். லிட்டருக்கு 14 கி.மீ. கொடுத்த வண்டி, முரட்டு டயரால் 13 கி.மீ. கொடுத்தால், நாளைக்கு 100 கி.மீ. ஓடுகிறவருக்கு அரை லிட்டருக்கு மேல் நஷ்டம். 25 நாளில் சுமார் 14 லிட்டர்! இது டயர் பில்லில் எழுதப்படாத விலை.

கடையில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. நம்ம வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவுதானா?

2. சுமை எண் எவ்வளவு? லோடு டயரா, ஜீப் டயரா?

3. எந்த வாரம், எந்த வருஷம் செய்தது?

4. பில்லும் வாரண்டி அட்டையும் உண்டா?

5. அலைன்மெண்டும் பேலன்சும் சேர்த்தா, தனிக் காசா?

வாங்கியதோடு வேலை முடியவில்லை. "நாலுலயும் ஒரே அளவு காத்து அடிப்பா" என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். லோடு இருந்தால் எவ்வளவு, காலியாக இருந்தால் எவ்வளவு, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று வண்டிக் கதவோரத்து ஸ்டிக்கரிலோ, கம்பெனி புத்தகத்திலோ இருக்கும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடாகாதபோது காற்றுப் பாருங்கள். ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான்! சுமார் 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை டயர்களை இடம் மாற்றினால் தேய்மானம் சீராக இருக்கும்.

4 டயரும் ரோட்டைத் தொடும் இடம், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அளவுதான். வண்டி, சரக்கு, டிரைவர், கிளீனர், எதிரே சைக்கிளில் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளை ஆகிய எல்லோருடைய கதியும் அந்த நாலு உள்ளங்கையில்தான் இருக்கிறது.