வானொலி காப்பாற்றிய பாட்டு

ஊரை விட்டுப் பிழைக்க வந்தவன் பாடும் பாட்டு எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் அதற்கு ‘கண்ட்ரி’ இசை என்று பெயர். அந்தப் பாட்டு வகையில் ஒரு நல்ல கச்சேரியை, ஒரு சின்ன வானொலி நிலையம் அழியாமல் காப்பாற்றிக் கொடுத்த கதை இது.

1973-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. நியூயார்க் நகருக்குக் கிழக்கே, லாங் ஐலண்டில் உள்ள ஹெம்ப்ஸ்டெட் ஊரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். ஐந்து ஆண்களும் ஒரு பெண்ணும் மைக் முன்னால் நின்று பாடுகிறார்கள். அந்த வட்டாரத்துக்கென்று நடந்த டபிள்யூ.எல்.ஐ.ஆர். என்ற எப்.எம். நிலையம் அதை ஒலிபரப்புகிறது.

குழுவின் பெயர் ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’. தலைவர் கிராம் பார்சன்ஸ், வயது 26. கூடப் பாடிய பெண் எம்மிலூ ஹாரிஸ். கைக்குழந்தையை வைத்துக் கொண்டு, வாஷிங்டன் கிளப்புகளில் இரவு நேரங்களில் பாடி வந்தவர்.

பார்சன்ஸ் பணக்கார வீட்டுப் பிள்ளை. தாய் வழியில் புளோரிடாவில் பெரிய ஆரஞ்சுத் தோட்டங்கள். பருத்திக் காட்டில் அவர் குனிந்ததில்லை. இவருக்கு ஏழையின் பாட்டு எதற்கு என்று கேட்கலாம். பன்னிரண்டு வயதில் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு முடிகிற நேரத்தில் தாயும் போய்விட்டார். வீடு இல்லாமல் போவது என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். குரலில் அது கேட்கிறது.

அந்தக் காலத்தில் நீள முடி வளர்த்த ராக் இளைஞர்களுக்குக் கண்ட்ரி இசை கிழவர்கள் சமாசாரம். கண்ட்ரி ரசிகர்களுக்கோ நீள முடிக்காரர்களைக் கண்டாலே ஆகாது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தாமே பாட்டு எழுதிப் பாடியவர்களில் முக்கியமானவர் பார்சன்ஸ். பலன்? அந்த வருஷ ஜனவரியில் வெளிவந்த ‘ஜி.பி.’ என்ற அவருடைய இசைத்தட்டு, விற்பனைப் பட்டியலில் இடமே பிடிக்கவில்லை. பஸ்ஸில் ஊர் ஊராகப் புறப்பட்ட குழுவும், ஆரம்பத்தில் கொலராடோவின் போல்டர் நகரில், ஒத்திகை போதாமல் தடுமாறியது.

பால்டிமோர் தெருக்கள்

ஹெம்ப்ஸ்டெட் வந்து சேர்ந்தபோது குழு பதமாகியிருந்தது. அன்று பாடியவற்றில் இரண்டு பாட்டுகளை நம்மவர்கள் அவசியம் கேட்க வேண்டும். இரண்டும் மற்றவர்கள் எழுதியவைதான்.

ஒன்று ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் பால்டிமோர்’. மனைவி ஆசைப்பட்டாள் என்று நிலத்தை விற்று, உறவை விட்டு, டென்னஸியிலிருந்து பால்டிமோருக்குக் குடிபோகிறான் ஒருவன். தொழிற்சாலையில் இயந்திரத்தோடு மல்லாடி, உடம்பு வலியோடு வீடு திரும்பினால், அவள் விளக்கு வெளிச்சம் பார்க்கத் தெருவுக்கு இழுக்கிறாள். நகரம் அவளுக்குப் பிடித்துவிட்டது. அவன் தனியாக ரயிலேறி ஊர் திரும்புகிறான். யாரையும் திட்டாத பாட்டு. அதனால்தான் நெஞ்சில் தைக்கிறது.

மற்றொன்று ‘கலிபோர்னியா காட்டன் ஃபீல்ட்ஸ்’. 1930-களில் வறட்சியும் புழுதிப் புயலும் பஞ்சமும் துரத்த, ஓக்லஹோமா பக்கத்துக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகக் கலிபோர்னியாவுக்குப் போயின. அப்படிப் பெரிய கனவோடு கிளம்பிய ஒரு தகப்பனுக்குக் கடைசியில் கிடைத்தது பருத்திக் காடுதான். ஓக்லஹோமாவிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த மெர்ல் ஹேகார்ட் இதை முன்பே பாடியிருந்தார். பார்சன்ஸும் எம்மிலூவும் சேர்ந்து பாடும்போது, பின்னால் நீல் ஃபிளான்ஸின் பெடல் ஸ்டீல் கிடார் இழைகிறது. மடியில் குழந்தை சிணுங்குகிற மாதிரி ஒரு நாதம் அதற்கு.

ஆறு மாதம்தான். 1973 செப்டம்பர் 19-ந் தேதி, கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ ஊரில் ஒரு விடுதியில், மதுவும் போதை மருந்தும் சேர்ந்து பார்சன்ஸின் உயிரைக் குடித்தன. குழு கலைந்தது. தன் பெயரில் ஸ்டூடியோ இசைத்தட்டு ஒன்றுகூட அது வெளியிட்டதில்லை.

மிஞ்சியது அன்றைய ஒலிநாடா. 1982-ல் சியரா என்ற கம்பெனி அதை இசைத்தட்டாக வெளியிட்டது. எம்மிலூ ஹாரிஸ் பிறகு பெரும் புகழ் பெற்று, 2008-ல் கண்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார். பார்சன்ஸின் பாட்டுகளை அவர் மேடைதோறும் பாடி வந்தார். வெற்றி பெறும் முன்னால் அவர் குரல் எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர் அந்த இசைத்தட்டைத் தேடிக் கேட்கலாம். பாட்டுகளுக்கு நடுவே, வானொலிக்காரர் எடுத்த ஒரு சிறு பேட்டியும் அதில் அப்படியே இருக்கிறது.